ஐம்பத்தெட்டாம் எண்காரி

புருல்சாவின் குதிரை தெருவில் திரும்பினாலே பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"வந்துட்டாடி மூத்திரக்காரி! எங்க வீட்டுப் பசுவுக்கும் ஒரு குப்பி குடுத்துட்டுப் போயேன்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சைராகான் அக்கா கத்துவாள்.

"பசு உன்ன மாதிரி பிடிச்சத ஒளிச்சு வைக்காதுக்கா. அதுக்குத்தான் மொதல்ல குடுக்கணும்" என்பாள் புருல்சா, சேணத்திலிருந்து நீலப் பெட்டியை அவிழ்த்துக்கொண்டே.

அவள் அட்பாஷிப் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தின் நர்ஸ். வயது முப்பத்தொன்பது. உயரமான மலை ஊர்களில் வாழும் பெண்களின் உடம்பில், கருத்தரித்த நாளிலிருந்து மாதவிடாய் நின்று போகும் காலம்வரை, ஹார்மோன்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று தலைநகர் பிஷ்கெக்கில் டாக்டர் ரயிசா அசானவ்னாவின் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. எண்பது பெண்கள். வாரம் ஒருமுறை ஒரு குப்பி சிறுநீர், மாதம் ஒருமுறை கொஞ்சம் ரத்தம். குப்பிகளில் எண் மட்டும்தான் எழுதியிருக்கும். எந்த எண் யாருடையது என்பது புருல்சாவின் நோட்டைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஒவ்வொருத்தியும் தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இதையெல்லாம் எழுத்தில் எழுதுவதா என்று கூசினார்கள். ஆகவே புருல்சாவே சில குறிகளை உண்டாக்கினாள். மாதவிடாய் நாளுக்குச் சிவப்புப் புள்ளி. உடம்பு திடீரென்று கொதித்தால் ஒரு சூரியன். தூக்கம் வராவிட்டால் பிறை. காரணமில்லாமல் அழுகை வந்தால் ஒரு சொட்டு. ஐம்பத்திரண்டு வயது சைராகானின் பக்கங்களில் ஒரே சூரியன்கள். அந்த நோட்டை மருமகள் அய்சுலு பார்த்துவிடக் கூடாதென்று மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்திருந்தாள். அய்சுலுவோ மூன்று மாதக் கர்ப்பிணி. தன் நோட்டை மாமியார் பார்த்துவிடக் கூடாதென்று மெத்தை அடுக்கின் நடுவில் செருகியிருந்தாள். இரண்டு இடங்களும் புருல்சாவுக்குத் தெரியும். இருவரிடமும் அவள் வாய் திறந்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஐம்பத்தெட்டாம் எண்ணுக்கு உரியவள் புருஷனோடு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். முப்பத்தைந்துக்கு மேற்பட்ட, கர்ப்பமில்லாத வேறொருத்தியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் போன் செய்தார். ரெண்டு நாள் கழித்துப் புருல்சா நோட்டைத் திறந்து, ஐம்பத்தெட்டுக்கு எதிரே தன் பெயரையே எழுதினாள்.

அவளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம். குழந்தை இல்லை. சுகாதார நிலையத்தில் கர்ப்பம் பார்க்கும் பட்டைகள் இருந்தன. மூன்று பட்டைகளை நனைத்துப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே கோடுதான். பட்டைகள் குளிரில் உறைந்து கெட்டுப்போயிருக்கும், பிஷ்கெக்கில் ரத்தத்தைப் பார்த்தால் தெரியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேறு எந்தப் பெண்ணாவது அப்படிச் சொல்லியிருந்தால், "கோடு ஒண்ணுதான்மா, மனசத் தேத்திக்கோ" என்று அவளே தோளைத் தொட்டிருப்பாள்.

கணவன் தெமிர்கான் மலைச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். படுக்கையில் அவள் போர்வையை உதைத்துத் தள்ளுவதையும், ஜனவரி மாதத்தில் முதுகு நனைய வியர்ப்பதையும் கவனித்துவிட்டு அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

"எங்கம்மாவுக்கும் தம்பி வயித்துல இருந்தப்ப இப்பிடித்தான் கொதிக்குமாம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல், பூட்ஸைத் துடைத்துக்கொண்டே.

"சும்மா இருங்க. ஒண்ணும் நிச்சயமில்ல."

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே." ஆனால் மறுநாளிலிருந்து கிணற்றுத் தண்ணீர் வாளிகளை அவன்தான் தூக்கினான். குதிரையில் போகாதே, நடந்து போ என்றான். வாய்க்கால் பாதை வழுக்கும், நடந்தும் போகாதே என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பே அவளுக்குப் பயமாக இருந்தது.

தன் இடது கையில் தானே ஊசி குத்தி, ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து, ரத்தம் எடுத்து ஐம்பத்தெட்டு என்று ஒட்டி அனுப்பினாள். அடுத்த மாதமும் அனுப்பினாள்.

ஏப்ரலில் ஒருநாள் முற்பகல் டாக்டர் போனில் வந்தார். குப்பிகள், ஐஸ் பை, உடைந்துபோன ரெண்டு மாதிரிகள் என்று பேசி முடித்துவிட்டு, "இன்னொரு விஷயம், புருல்சா. அந்த ஐம்பத்தெட்டு புதுசா சேர்ந்தவதானே?" என்றார்.

"ஆமா டாக்டர்."

"வயசு முப்பத்தொன்பதுன்னு போட்டிருக்க. சரிதானா?"

"சரிதான்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "பாவம்மா அவ. ரெண்டு மாசமும் ஒரே கதைதான். மூளையிலேர்ந்து வர்ற ஹார்மோன் தாறுமாறா ஏறிக் கெடக்கு. சூலகத்துலேர்ந்து பதிலே இல்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டு இது தொண்டை கட்டிப்போச்சு, அது கதவத் தெறக்கல. மாதவிடாய் நிக்கிற காலம் அவளுக்குப் பத்து வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. கொழந்தைங்க இருக்கா அவளுக்கு?"

புருல்சா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"இல்ல டாக்டர்."

"அடடா." டாக்டர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "வழக்கமா நாம தனித்தனியா யாருக்கும் ரிசல்ட் சொல்றதில்ல. ஆனா இத சொல்லாம விடக் கூடாது. இந்த வயசுல விட்டா எலும்பு போயிடும், இதயத்துக்கும் நல்லதில்ல. மருந்து இருக்கு. நீயே போய்ப் பக்கத்துல உக்காந்து சொல்லு. பதமா சொல்லு, என்ன? உனக்குத்தான் அது நல்லா வரும்."

"சொல்றேன் டாக்டர்" என்றாள் புருல்சா.

போனை வைத்ததும் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். பிறகு நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். கதவைப் பூட்டிக்கொண்டு, பனி உருகிச் சேறாகிக் கிடந்த சாலையில் தெமிர்கானைத் தேடி நடந்தாள்.

கணவாய்க்கு ஏறும் வளைவில் அவன் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் பதறி இறங்கினான்.

"இவ்வளவு தூரம் நடந்தா வந்த? ஒக்காரு, ஒக்காரு மொதல்ல."

வண்டியின் படியில் அவளை உட்காரவைத்து, பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை.

"கொழந்த இல்லங்க" என்றாள். "இனிமேயும் இல்ல. என் உடம்பு வயசானவங்க உடம்பு மாதிரி ஆயிடுச்சு. டாக்டர் சொல்லிட்டாங்க. ரத்தத்துல தெரிஞ்சிருச்சு."

தெமிர்கான் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான். கீழே ஆற்றில் பனிக்கட்டிகள் மோதும் சத்தம் கேட்டது. அவன் எதையாவது கேட்பான், திட்டுவான், இல்லை அழுவான் என்று காத்திருந்தாள்.

"அப்ப உனக்கு ராத்திரியில கொதிக்குதே" என்றான் கடைசியில், "அது வலிக்குமா?"

அந்தக் கேள்வியில்தான் அவள் உடைந்தாள். மடியில் தேநீர் கொட்டியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய்க் கறை படிந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முட்டியின் மேல் வைத்துக்கொண்டான். அழுகை அடங்கிய பிறகு, "வலிக்காது. எரியும், அவ்வளவுதான்" என்றாள்.

"அதுக்கு மருந்து உண்டா?"

"உண்டாம்."

"அப்ப அத வாங்குவோம்." கொஞ்சம் தள்ளி வேறு பக்கம் திரும்பி நின்று அவன் மூக்கைச் சிந்தினான்.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். ரயிசா அசானவ்னா, "ஐயோ பொண்ணே, நான் என்னவெல்லாம் சொன்னேன் போன்ல!" என்று தன்னைத் தானே நொந்துகொண்டார். மாதிரி எடுப்பவளே ஆய்வில் சேரக் கூடாது, எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்று திட்டினார். மூன்றாம் நாள் பிஷ்கெக்கிலிருந்து வந்த வண்டியில் மாத்திரைகளும், ஐம்பது வயதுவரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கைப்பட எழுதிய காகிதமும் வந்தன. ஐம்பத்தெட்டை என்ன செய்வது என்று குழுவில் பேசி, தனிக் குறிப்போடு வைத்துக்கொண்டார்கள். அவள் ரத்தத்தை மட்டும் இனி நரின் நகர ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஊரில் அவள் முதலில் சொன்னது சைராகானிடம்தான்.

சைராகான் மாவு பிசைவதை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அடிப் பாவி. வரிசையில நான் நிக்கிறேன், எனக்கு முன்னாடி நுழைஞ்சிட்டியா?" என்றவள், மாவுக் கையோடேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு பீப்பாய்க்குப் பின்னாலிருந்து தன் நோட்டை எடுத்தாள். "இங்க பாரு, விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் பிறையா போட்டிருக்கேன். செத்துடுவேனோன்னு நெனச்சேன்டி. யார்கிட்ட சொல்றது?"

அடுப்படி வாசலில் அய்சுலு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. தயங்கித் தயங்கி அவளும் போய், மெத்தை அடுக்கிலிருந்து தன் நோட்டைக் கொண்டுவந்தாள். இரண்டையும் புருல்சா பக்கம் பக்கமாக விரித்து வைத்தாள். மருமகள் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு நேரே ஒரு சொட்டு. பால் கறக்க எழும் நேரம் அது. குனிந்தால் இடுப்பு விட்டுப்போகும் வலி.

"நாலு மணிக்கே முழிச்சிக்கிட்டு நான் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள் சைராகான் மெதுவாக. "இவ அஞ்சு மணிக்கு அழுதுக்கிட்டே எழுந்து போறா. நாங்க ரெண்டு பேரும் அறிவுகெட்டவளுங்க."

மறுநாளிலிருந்து சைராகான்தான் பால் கறந்தாள். குளிர்காற்று பட்டால் கொதிப்பு அடங்குகிறது என்று அவளே கண்டுபிடித்துத் தெருவெல்லாம் சொன்னாள். ஜூலையில் அய்சுலுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாற்பதாம் நாள், ஊர் வழக்கப்படி நாற்பது கரண்டித் தண்ணீரால் குளிப்பாட்டியபோது முதல் கரண்டித் தண்ணீரைப் புருல்சா கையால் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினாள். அன்று வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழவும் செய்தாள். அந்த அழுகை வந்தது, போனது.

ஆறு வருஷம் கழித்து ஆய்வு முடிந்ததும் ரயிசா அசானவ்னாவே வந்தார். பள்ளிக்கூடக் கூடத்தில் சுவர் நிறையத் தாள்கள் ஒட்டப்பட்டன. ஒவ்வொரு எண்ணுக்கும், சூலக ஹார்மோன் ஏறி இறங்கியதைக் காட்டும் ஒரு கோடு. பெண்கள் தங்கள் கோட்டைத் தேடிப் பிடித்து, ஒருத்தி கோட்டில் எழுந்த மலையை இன்னொருத்தி கேலி செய்து, சந்தை மாதிரி ஆக்கிவிட்டார்கள். புருல்சா எட்டிப் பார்க்கவில்லை. மேசையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

தேநீர்ப் பாத்திரத்தை இறக்கி வைக்க வந்த தெமிர்கான் டாக்டரிடம் போய் நின்றான். "ஐம்பத்தெட்டு எது?"

டாக்டர் காட்டினார். தரையை ஒட்டி வந்த கோடு ஓரிடத்தில் மேலே ஏறி, அப்புறம் அலையாமல் போனது.

"இங்க ஏன் ஏறுது?"

"மாத்திரை ஆரம்பிச்ச மாசம் அது."

தெமிர்கான் விரலால் அந்த இடத்தைத் தொட்டான். "இந்த மாசம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றான். "அப்பத்தான் ஒருநாள் அவ விடியிற வரைக்கும் தூங்குனா. நான் எழுப்பவே இல்ல."

"அங்க நின்னு என்ன கதை? வந்து கோப்பைய எடுத்துக் குடுங்க!" என்று மேசையிலிருந்து புருல்சா குரல் கொடுத்தாள்.