பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் பாட்டுப் படிக்க வரும் பிள்ளைகளே, என் மகன் வேலுவின் கழுத்தில் இருக்கும் தழும்பைப் பார்த்து, "உங்கப்பா கழுத்த அறுத்துட்டாரா?" என்று கேட்கிறீர்களாம். அவன் பாடும்போது குரல் கரகரவென்று வருவதற்கும் சிரிக்கிறீர்களாம். சிரியுங்கள். அது போய்த் திரும்பி வந்த குரல். எப்படி வந்தது என்று எழுதுகிறேன். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான், நடந்ததை மட்டும் எழுதத் தெரியும்.

ரப்பர் விலை விழுந்து, ஆளைக் குறைத்து, ஊருக்கே திருப்பிக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில் இருந்தோம். எனக்கு எஞ்சின் கொட்டகையில் கரி அள்ளும் வேலை. லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைதான் சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் நாம் தும்முவோம். அந்த அடுத்த வீட்டுக்காரன் பெருமாள். அவனுக்கும் கொட்டகையில்தான் வேலை. அவன் பெண்சாதி செல்லம்மா. அவர்களுக்கு ஒரே மகள், தனம், மூன்று வயது.

ஒருநாள் குழாயடியில் வேலு தனத்தைத் தள்ளிவிட்டான். செல்லம்மா அவன் காதைத் திருகினாள். என் பெண்சாதி பாக்கியம், "எம்புள்ள மேல கை வைக்க நீ யாரு?" என்று போய் நின்றாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பிள்ளைகள் மறுநாளே ஒன்றாக உட்கார்ந்து மண்சோறு ஆக்கினார்கள். அதற்காக இரண்டு வீட்டிலும் அடி வாங்கினார்கள்.

பேச்சு நின்றதே தவிர ஏச்சு நிற்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஜாடையாக ஏசிக்கொண்டார்கள். சாயங்காலம் பாக்கியம் விளக்கேற்றி மணி அடித்துவிட்டு உரக்கக் கும்பிடுவாள்.

"ஆத்தா மாரியம்மா, ஊரான் பிள்ளைய அடிக்கிறவளுக்கு நல்ல புத்தி குடு தாயே."

பலகைக்கு அந்தப் பக்கம் உடனே மணி அடிக்கும்.

"அம்மா, பிள்ள வளக்கத் தெரியாதவங்களுக்கும் சேத்துக் குடும்மா. அங்கதான் நெறைய வேணும்."

"ஆத்தா, கருவாட்டுத் தலைய நம்ம வாசல்ல வீசுறவங்களையும் பாத்துக்க."

"அம்மா, கருவாடு வாங்க வக்கில்லாதவங்க மோந்து பாத்துக்கட்டும், விடு."

லயமே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

கார்த்திகை மழையில் வேலு காய்ச்சலாகப் படுத்தான். தொண்டை வலிக்கிறது என்றான். கஷாயம் கொடுத்தோம், இறங்கவில்லை. கழுத்து வீங்கியது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போனது. எனக்கு லீவு கேட்கப் பயம். லீவு கேட்கிறவனைத்தான் முதலில் கப்பல் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. பிள்ளையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

நான் இல்லாத நேரம் பாக்கியம் படத்துக்கு முன்னால் விழுந்து கதறியிருக்கிறாள். "ஆத்தா, உனக்குக் காது கேக்கலையா? நீ என்ன கல்லா? எம்புள்ளைய வந்து பாரேன்."

அதையும் ஜாடை என்று நினைத்தார்களோ, அந்தப் பக்கம் மணி அடித்தது. "அம்மா, எங்களுக்குக் காது நல்லாவே கேக்குது. யாரு கல்லுன்னு நீயே சொல்லு."

அதற்குப் பிறகு பாக்கியம் வாய் திறக்கவில்லை. விளக்கும் ஏற்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது வேலுவுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. அழுகிறான், சத்தம் இல்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கும்பிட ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் வீட்டில் கும்பிடுகிற வார்த்தை எல்லாம் ஏச்சு வார்த்தையாகிப் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஆத்தா, ஆத்தா என்று மட்டும் சொன்னேன்.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"ஏங்க, அந்த வீட்டுல மணியே அடிக்கலீங்க."

"நல்லதாப் போச்சு. உனக்கென்ன?"

"நேத்தும் அடிக்கல. அவ வாயி சும்மா இருக்கிற வாயா?"

கொஞ்ச நேரத்தில் செல்லம்மா எங்கள் வீட்டுக்குள் நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே," என்றாள் பாக்கியம்.

செல்லம்மா வேலுவைத் தூக்கி மடியில் போட்டு, வாய்க்குள் விரலை விட்டுச் சளியை எடுத்துத் தன் முந்தானையிலேயே துடைத்தாள். பெருமாள் மழையில் ஓடி ஒரு ரிக்‌ஷாவைக் கூட்டிவந்தான். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் வேலு அவள் மடியில்தான் இருந்தான். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு வந்தது. பிள்ளைகளே, நான் கேட்டேன். ஆத்தா கொடுத்தாள்.

சாமி செய்த அற்புதத்துக்குச் சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்துவார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை.

அது ஒட்டிக்கொள்ளும் நோய். வேலு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தனத்துக்குத் தொண்டை வலித்தது. அவர்கள் தாமதிக்கவில்லை, அன்றைக்கே தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர்களும் அதே ஆத்தாளைத்தான் கும்பிட்டார்கள். வேலு வீட்டுக்கு வந்தான். தனம் வரவில்லை.

"ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண எடுத்துக்கிட்டா," என்று லயத்தில் பேசினார்கள். அப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கிற ஆத்தாளை எனக்குத் தெரியாது. செல்லம்மா என் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள். அதே சேலையோடு வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையை அணைத்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏன் என்று இன்றைக்கும் படத்தைப் பார்த்துக் கேட்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதையும் விடவில்லை, கும்பிடுவதையும் விடவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் விளக்கேற்றினோம், மணி அடிக்கவில்லை. வேலு சிரித்தால்கூட பாக்கியம் அவன் வாயைப் பொத்துவாள். உயிரோடு இருக்கும் பிள்ளையின் சத்தம் அந்தப் பக்கம் போகக் கூடாதே என்று அவளுக்குப் பயம்.

ஒரு சாயங்காலம் பலகைக்கு மேலே குரல் வந்தது. ஜாடை இல்லை, நேராகவே கூப்பிட்டது.

"பாக்கியக்கா."

பாக்கியம் எழுந்து நின்றாள்.

"மணிய அடிக்கா. சத்தம் இல்லேன்னா அன்னிக்கு மாதிரியே இருக்கு. பய நல்லாத்தானே இருக்கான்?"

பாக்கியத்துக்குக் கை எழவில்லை. வேலுதான் மணியை எடுத்து அடித்தான். அந்தப் பக்கம் பதிலுக்கு மணி அடிக்கவில்லை. பலகையில் யாரோ சாய்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளைகளே, ஆத்தாளை நம்புங்கள். கடல் தாண்டி வந்த இடத்தில் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வாய்விட்டுக் கேட்க முடியாத நாளிலும் அவளுக்குக் கேட்கும். ஆனால் அவள் உதவியை யார் கையில் கொடுத்து அனுப்புவாள் என்று நமக்குத் தெரியாது. எனக்கு அடுத்த வீட்டுக் கையில் கொடுத்து அனுப்பினாள். அந்தக் கையை ஏசித்தான் அவளுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போதும் சாயங்காலம் வேலுதான் மணி அடிக்கிறான். அடித்து முடித்துப் பலகையைப் பார்த்து, "சின்னம்மா, நல்லா இருக்கேன்," என்று அந்தக் கரகரத்த குரலில் சொல்வான். சில நாள் அந்தப் பக்கமிருந்து பதில் வரும். சில நாள் வராது. அவன் தினமும் சொல்கிறான்.