கப்பலை எப்போது எடுப்பார்கள்?

நான் பிறந்ததிலிருந்தே என் மேல் ஒரு பழி உண்டு. அத்தி வரதரை அம்மா பார்க்காமல் போனதற்குக் காரணம் நான்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில், கோவில் மதிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கோவில் குளத்துக்கு அடியில் அத்திமரத்தில் செய்த பெருமாள் படுத்திருக்கிறார். நாற்பது வருடத்துக்கு ஒரு தடவை அவரை வெளியே எடுத்து, ஒரு மண்டலம் ஊருக்குக் காட்டிவிட்டு, மறுபடி தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். எழுபத்தொன்பதில் அவர் மேலே வந்த நேரம் பார்த்து நானும் வந்து பிறந்தேன். பிள்ளை பெற்ற தீட்டு. அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு எழுந்திருப்பதற்குள் அவர் குளத்துக்குள் போய்விட்டார். குழம்பில் உப்பு குறைவு என்று நான் முகம் சுளித்தால்கூட, "உன்னாலதான்டி அவரையே பார்க்கல, பேச வந்துட்டா" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எங்கள் வீட்டுக்குக் கேபிள் டிவி வந்த புதிதில், ஒரு மழைக்கால மத்தியானம், டைட்டானிக் கப்பலைக் காட்டினார்கள். சினிமா இல்லை, கடலுக்கடியில் நிஜமாகவே கிடக்கும் கப்பல். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்தான் இங்கிலீஷைத் தமிழில் சொல்ல வேண்டும். பனிப்பாறையில் மோதி மூழ்கி, எழுபது வருடத்துக்கும் மேல் எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் இருந்து, எண்பதுகளில்தான் கண்டுபிடித்தார்கள் என்றேன். விளக்கு வெளிச்சத்தில் கப்பலின் மூக்கு மெல்ல மெல்ல வந்தது. மெழுகு வழிந்தாற்போல் அதன் மேலெல்லாம் துரு தொங்கியது. மண்ணில் யாருடையதோ ஒரு ஜோடி ஷூ. வெளியே மழைச் சத்தம், திரையில் அடர்ந்த நீலம். நாங்களும் கூடத்தோடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருப்பது போல் இருந்தது.

"எப்ப வெளிய எடுப்பாங்க?" என்றாள் அம்மா.

"எதை?"

"கப்பலைத்தான்மா. இத்தினி வருஷம் ஆயிடுச்சுன்ற. எப்ப எடுத்து ஜனங்களுக்குக் காட்டுவாங்க?"

தண்ணீருக்குள் போனது முறை வந்தால் மேலே வரும் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. எடுக்கவே மாட்டார்கள், இரும்பைத் தின்னும் கிருமிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன, ஒரு நாள் அங்கே ஒன்றும் இருக்காது என்றேன். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"பார்த்துக்கினே வுட்டுட்டாங்களா?"

மறுநாள் காலையில் காப்பி ஆறுவது தெரியாமல் ஒரு கனவைச் சொன்னாள். கப்பல் எங்கள் குளத்துக்கு வந்துவிட்டதாம். பெருமாளுக்குப் பக்கத்தில் அடக்கமாகப் படுத்திருக்கிறதாம். ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரிகிறதாம், மீன்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருக்கின்றனவாம்.

"துருவெல்லாம் போயிடுச்சுமா. புதுசா இருக்குது."

அதற்குப் பிறகு குளத்தைக் கடக்கும்போதெல்லாம் படியில் நின்று தண்ணீரையே பார்ப்பாள். உதடு அசைய வருடங்களை எண்ணுவாள். பெருமாளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். எண்ணியதெல்லாம் தன்னைப் பற்றித்தான்.

"நான் இருப்பேனாடி?"

"இருப்ப. இருந்து என்னைத் திட்டுவ."

இருக்கவில்லை. அவர் வெளியே வரப் பத்து வருடத்துக்கும் மேல் இருக்கும்போதே அம்மாவின் நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதானே போன தடவை அவரைப் பார்க்கல" என்று அழுதேன். அந்தப் பழியை நானே சொன்னது அன்றைக்குத்தான்.

"போடி பைத்தியம்" என்றாள். மூச்சு வாங்கியது. "ஊரே அவரைப் பார்த்துக்கினு இருந்துச்சு. நான் உன்னைப் பார்த்துக்கினு இருந்தேன்."

மாமல்லபுரம் கடலில் அம்மாவைக் கரைத்தோம். தம்பி கலயத்தை அலையில் விட்டுவிட்டுத் தலை முழுகி வந்தான். எல்லோரும் வேனுக்குத் திரும்பிய பிறகும் நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். கிருமியைப் பற்றியும் துருவைப் பற்றியும் அவளுக்கு எடுத்துச் சொன்னவள் நான்தான். ஆனாலும் எப்ப வெளிய எடுப்பாங்க என்றுதான் வாயில் வந்தது.