மூன்று மணிக்குத் துண்டாகும் அடி அண்ணாமலை

எங்கள் இணையக் கம்பெனி திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலைக்காரர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. செங்கம் ரோடு விடுதித் தெருவுக்குக் கொடுக்கும் அதே இணையம் என்று சொல்லித்தான் அவர்களிடமும் விற்றோம். அதே இணையம் இல்லை. சின்ன ஊர்களுக்கு நெட்வொர்க் வேலையாகப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். அடி அண்ணாமலையில் தினமும் மதியம் இணையம் நின்றுவிடுவதாகப் புகார். காலை 5.40க்குக் கிளாம்பாக்கத்தில் பஸ், டிக்கெட் 190 ரூபாய். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் தூக்கம் கலைந்தது. 10.15க்குத் திருவண்ணாமலை.

டவுன் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு ரவுட்டரும் தன் வட்டாரத்தின் முழு வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கும். வரைபடம் பெருத்துவிடாமலிருக்க நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரிப்போம். நடுவில் ஏரியா ஜீரோ. மற்ற எல்லா ஏரியாவும் அதைத் தொட்டாக வேண்டும். இரண்டிலும் கால் வைத்து நிற்பது எல்லை ரவுட்டர். ஜீரோ இங்கே டவுன். செங்கம் ரோடு விடுதிகள் ஏரியா ஒன்று, அதற்கு இரண்டு எல்லை ரவுட்டர்கள். அடி அண்ணாமலை ஏரியா இரண்டு. அது ஜீரோவைத் தொடவே இல்லை. கேபிள் மிச்சம் பிடிக்க, விடுதித் தெருவின் வாலில் கட்டி, அதன் வழியாக ஒரு விர்ச்சுவல் லிங்க், அதாவது கற்பனைக் கம்பி, போட்டிருந்தார்கள். அதுவும் இரண்டு எல்லை ரவுட்டர்களில் ஒன்றுக்கு மட்டும்.

2.40க்கு அடி அண்ணாமலை. ஆட்டோ 250 ரூபாய். புகார் கொடுத்த மும்தாஜ் அக்காவின் இ-சேவை மையத்தில் இரண்டு பெண்கள், சுகன்யாவும் தேவியும், நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றுதான் கடைசி நாள், நான்கு மணியோடு சரி. சொல்லி வைத்தாற்போல் மூன்றுக்கு இணையம் போனது.

"போன தடவை வந்தவரு கொரங்கு கேபிளக் கடிச்சிடுச்சுன்னு எழுதிட்டுப் போனாரு" என்றார் அக்கா. "கரெக்டா மூணு மணிக்குக் கடிச்சி நாலரைக்குத் துப்பிடுதா தம்பி அது?"

ரவுட்டரைப் பார்த்தேன். விர்ச்சுவல் லிங்க் விழுந்திருந்தது. எதிர்முனையே உயிரோடு இல்லை. போனிலிருந்து இணையம் கொடுத்துப் பார்த்தோம். சிக்னல் ஒரு கோடு, சான்றிதழ் ஏறவில்லை. எதிர்முனையான எல்லை ரவுட்டர் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, செங்கம் ரோட்டில் ஒரு விடுதி மாடியில். 3.30க்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டியின் பிளக் பிடுங்கிக் கிடந்தது.

"நான்தான் சார் புடுங்குவேன்" என்றார் விடுதி மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "கீழ தியானம் நடக்குது. இந்த ஃபேன் சத்தம் ஜாஸ்தின்னு கெஸ்ட்டு திட்றாங்க. நாலரைக்குச் சொருகிடுவேன்."

"உங்க நெட் நிக்கலையா?"

"ஒருநாள்கூட நின்னதில்லீங்க. அதான் சும்மா கெடக்குற பெட்டின்னு நெனச்சேன்."

நிற்காது. அவர்களுக்கு இன்னொரு எல்லை ரவுட்டர் இருக்கிறது. அமைதிக்கும் இணையத்துக்கும் நடுவில் அந்தத் தெரு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஊர் விட்டுக்கொடுத்தது, அதுவும் யாருக்கென்று தெரியாமல். மேனேஜர் மேல் எனக்குக் கோபமில்லை. வரைந்தவர்கள் மேல்தான்.

சொருகினேன். 3.48க்கு அக்காவைக் கூப்பிட்டேன்.

"வந்துடுச்சி தம்பி, போன வைங்க, தேவிது ஏத்திக்கினு இருக்கேன்."

தேவியின் விண்ணப்பம் 3.56க்குப் போனது. சுகன்யாவின் மதிப்பெண் சான்றிதழ் ஏறிக்கொண்டிருந்தபோது நான்கு அடித்தது.

அன்று மாலையே இரண்டாவது எல்லை ரவுட்டருக்கும் விர்ச்சுவல் லிங்க் போட்டேன். இரு முனையிலும் ஒரே ஒரு வரிக் கட்டளை, பத்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன்; ஊரில் இணையம் நிற்கவில்லை என்று அக்கா போனில் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்ததை ஒரு வருடமாக யாரும் செய்யவில்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியன்று போகாதீர்கள், ஆட்டோ நகராது. வரைபடத்தை நம்பி உட்காராமல் பெட்டி இருக்கும் இடத்துக்கே போங்கள். புகாரில் நேரம் எழுதியிருந்தால் அந்த நேரத்தில் அங்கே இருங்கள். விர்ச்சுவல் லிங்க் ஒட்டுத்துணி. அதை நிரந்தரமாக்குகிறவர் ஒரு ஊரைத் தள்ளிவைக்கிறார்.

கம்பெனிக்கு மூன்று விஷயம் எழுதினேன். இரண்டாவது லிங்க் போட்டாயிற்று என்றதற்கு நன்றி என்று பதில் வந்தது. டவுனிலிருந்து அடி அண்ணாமலைக்கு நேர்கேபிள் இழுங்கள் என்றதற்கு வரவில்லை. மூன்றாவது, அன்று மறுபடி மையத்துக்குப் போய்விட்டு நான் கிளம்பும்போது சுகன்யா சொன்னது. ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன்:

"அந்தப் பொட்டிய அங்க வெச்சவங்கள எங்க ஊட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட சொல்லச் சொல்லுங்க, நான் ஏன் சேரலன்னு."