கல்லுக்கு எதுகை எங்கே?

கல்லூரித் தமிழ்த்துறையில் நான் சேர்ந்த புதிது. வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் என் முதல் கட்டுரை. வேலை நிரந்தரமாவது அதை நம்பித்தான் இருந்தது. புதன்கிழமை அதைப் படித்த துறைத்தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"கலகப் பாட்டுன்னு தலைப்புப் போட்டிருக்கீக. கலகம் எங்க சார்?"

செக்காலையில் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே சுண்ணாம்பு இடிக்கும் பெண்கள் மேஸ்திரியையே மிரட்டிப் பாடுவதாகக் கேள்விப்பட்டு, செல்போனில் பதிவு செய்யப் போயிருந்தேன். கிடைத்தது ஒரே ஓர் அடி.

கல்லும் நொறுங்கும் எங்க கையால,
காரை கொழையும் எங்க கையால

இதையே பதினேழு தடவை பாடினார்கள். நானும் விடவில்லை. அடிக்கு எட்டுச் சீர், இரண்டு பாதிக்கும் மோனை, சீருக்குச் சீர் உலக்கை என்று அளந்து, பதினேழுக்கும் 'உழைப்பின் சலிப்பு' என்று விளக்கம் எழுதிவிட்டேன்.

"மோனை சரி. கல்லுக்கு எதுகை எங்க? ஜோடி அடி ஒண்ணு இருக்கணுமே" என்றார் அம்மா.

மறுநாள் ஓடினேன். மேஸ்திரி குன்றக்குடிக்குப் போயிருந்தார். பாட்டை எடுத்துக் கொடுக்கும் பெண், பாக்கியம், சிரித்துவிட்டார்.

"அன்னைக்கு அவரு ஒங்களுக்குக் கொடை புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னாருல்ல. அவரு இங்குட்டு நின்னா மொத அடியவே சுத்துவோம். அங்குட்டுப் போனாத்தான் அடுத்தது."

அடுத்தது வந்தது.

பல்லும் நொறுங்கும் எங்க கையால,
பதினோரு மணி டீ வரலேன்னா

நான் நோட்டை எடுத்தேன். பாக்கியம் உலக்கையை நிறுத்தினார்.

"எழுதிக்கங்க சார். ஆனா இந்த வீட்டு வேலை முடியிற மட்டும் வெளிய விடாதீக. எங்க சோறு இதுல இருக்கு."

கல்லூரிக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி. அவர்கள் சோறா, என் வேலையா? கடைசியில் துறைத்தலைவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை ஒங்களுக்குப் பதிலா என் கட்டுரை ஒண்ண நான் வாசிக்கிறேன். ஒங்க பாட்டு, வீடு பூசி முடியட்டும்" என்றார்.

வீட்டு வேலை முடிய ஆறு மாதம் ஆனது. என் வேலை நிரந்தரமானதும் அதற்குப் பிறகுதான். நான் கட்டுரை வாசித்தபோது முதல் வரிசையில் பாக்கியத்தின் செட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாவது அடியை அவர்களே பாடினார்கள்.

இளைய ஆய்வாளர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓர் அடி எத்தனை முறை வருகிறது என்று எண்ணும்போது, பக்கத்தில் யார் நிற்கிறார் என்றும் பாருங்கள். பின்னாளில் நானே துறைத்தலைவரானேன். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் எல்லாரும் "என்னா வெயிலு, என்னா வெயிலு" என்பார்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு சட்டென்று வெளியே வந்துவிடுவேன். பாவம், அவர்களுக்கும் இரண்டாவது அடி இருக்கும்.