கப்பல் படத்தில் வைத்த குங்குமம்

புத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களோடு ஒரு கடல் படமும் மாட்டியிருந்தது. ரேணிகுண்டாவில் நைனா வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. நூறு வருஷத்துக்கு முன்னே அவர்கள் ஊரில் யாரோ வரைந்ததாம். கறுத்த மேகம், மலை மாதிரி அலை, நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்த பாய்மரக் கப்பல், அதன் மேல் பொடிப்பொடியாகச் சில ஆட்கள். எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்த்தது கிடையாது.

வெள்ளிக்கிழமை படங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. சாமிகளுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் விட மனசு வராது. நெற்றி எங்கே என்று தேட முடியாத படம். அதனால் மேகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவேன்.

அப்போது எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சு. திருத்தணி மெட்ராசுக்கா ஆந்திராவுக்கா என்று ரயிலில் ஏறினால்கூடச் சண்டை. அந்தத் திருத்தணியிலிருந்துதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குனிந்தே நின்றதால் பெண் ஊமை என்று பேராகிவிட்டது. இதுவும் போனால் தங்கைக்கு முதலில் பார்த்துவிடுவேன் என்று நைனா சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"இன்னா படம் இது? பொண்ணு பாக்கற கூடத்துல கப்பல் முழுவுது. பொழுதும் செவப்பா சாயுது. எங்க ஊரே எந்த ராஜ்யம்னு தெரியாம தத்தளிச்சிக்கினு கீது, இதுக்கு எதிர்ல வேற தட்டு மாத்தறதா?"

"தொர குட்த்ததும்மா, சும்மா அழகுக்கு" என்றார் நைனா. குரல் இறங்கிப் போயிருந்தது.

நான் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

"அது பொழுது இல்லீங்க. நான் வெச்ச குங்குமம்."

தட்டை வைத்துவிட்டு, கண்ணாடியைத் தொட்டு, சிவந்த விரலைக் காட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"செரி, கப்பல் முழுவறது?"

வாராவாரம் துடைக்கிற படம், எனக்குத் தெரியாதா?

"முழுவலீங்க. கருப்பு மேகமெல்லாம் அதுக்குப் பின்னால கீது. முன்னால தண்ணி வெளுத்துக்கினு வருது பாருங்க. புயல தாண்டி வந்துட்டாங்க. முழுவறவங்க இப்படி நிமிந்து நிப்பாங்களா?"

அந்த அம்மா எழுந்து கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒருத்தன் கைய வேற காட்றான்."

"கரை தெரிஞ்சிருக்கும்ங்க."

"கரை எங்க கீது இதுல?"

"படத்துல இல்லீங்க. நாமதான் கரையில நின்னு பாக்கறோம்."

அந்த அம்மா இரண்டடி பின்னால் வந்து படத்தை மறுபடி பார்த்தார். பிறகு அவர் தன் புருஷனைப் பார்த்து, "ஊமைன்னாங்களே யாரோ? வாயாடி. நம்ம வூட்டுக்கு ஒத்து வரும்" என்றார். நைனா பக்கம் திரும்பினார். "திருத்தணி எங்க போனா இன்னா, தட்ட கொண்டாங்க."

நான் அடுப்பங்கரைக்கு ஓடி வந்துவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்து, "மாப்பிள்ள எப்டி கீறாரு, புடிச்சிதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்றே எனக்குத் தெரியவில்லை. வந்ததிலிருந்து படத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் கீறாரு" என்றேன்.