பண்ணைக் கத்தி

1970 நவம்பர் 10, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. இரண்டு நாள் அடித்த மழை அப்போதுதான் தூறலாக இறங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை யாரும் தலையில் கத்தி வைத்துக்கொள்ள மாட்டார்கள், சலூனுக்கு விடுமுறை. அதனால் வாரத்துக்கான கத்திகளை அன்றுதான் தீட்டுவோம். கடை, கூத்தாநல்லூருக்கு மேற்கே நாலு மைலில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்தது. நானும் என் அண்ணன் கோவிந்தராசுவும் நடத்தினோம். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், அண்ணன் ஐந்தாம் வகுப்பு.

1. கல்

பிளேடு செருகும் கத்தியோடு தொழிலுக்கு வந்த தம்பிகளுக்கு இதை விளக்கியாக வேண்டும்.

எங்களுடையது ஜப்பான் கல். மலையில் வெட்டி எடுத்தது, அச்சில் வார்த்ததல்ல. பினாங்கில் கடை வைத்திருந்த கூத்தாநல்லூர் பாய் ஒருவர், அங்கே ஒரு ஜப்பான்காரர் விட்டுப்போன சலூன் சாமான்களோடு வாங்கி வந்தது. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம், மங்கலான மஞ்சள் நிறம். சொரசொரப்பான நாட்டுக் கல்லைத் தொட்டியில் ஊறப்போடலாம். இதை ஊறப்போட்டால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். மேலே தண்ணீர் தெளித்து, அதே வகைச் சின்னக் கல் துண்டால் தேய்த்தால் மோர் மாதிரி ஒரு பால் எழும். அந்தப் பாலில் கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் கூரான வாயும் சேர்ந்து கல்லில் படும்படி, வாய் முன்னே போகத் தள்ள வேண்டும். பிறகு முதுகின் மேல் புரட்டி இழுக்க வேண்டும்.

நாட்டுக் கல்லில் அறுபது இழுப்பு. ஜப்பான் கல்லில், பாலில் நானூறு, கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் இருநூறு. கடைசியாகத் தோல் வாரில் ஐம்பது. ஜப்பான் கல் வேலைக்கு மட்டும் ஒரு கத்திக்கு அரை மணிக்கு மேல் ஆகும். நாட்டுக் கல்லோடு நிறுத்திய கத்தியின் வாய், கண்ணுக்குத் தெரியாத ரம்பம். முடி போகும், கூடவே தோலும் போகும்.

எங்களிடம் இருந்தவை ஏழு கத்திகள். ஆறு எங்களுடையவை. ஏழாவது வெள்ளைக் கொம்புப் பிடி போட்ட ஜெர்மனிக் கத்தி. மிராசுதார் தம் முகத்துக்கென்று வாங்கி அண்ணனிடம் கொடுத்து வைத்தது. ஊரில் அதைப் பண்ணைக் கத்தி என்பார்கள். அது வேறு முகத்தில் படக்கூடாது. செவ்வாயன்று ஜப்பான் கல்லில் முதலில் அதுதான் ஏற வேண்டும். அண்ணன் குடும்பத்தோடு குடியிருந்த மூன்று சென்ட் மனையும் மிராசுதாருடையது. பண்ணை வீட்டுக்கு மழிக்கும்வரை குடியிருக்கலாம், காகிதம் எதுவும் கிடையாது.

2. வாய்க்கால் கரை

அன்று காலை பண்ணைக் கத்தி வார் வரை முடிந்திருந்தது. மற்ற ஆறும் நாட்டுக் கல்லோடு நின்றன.

காளியன் தூறலில் வந்து வாசலில் நின்றான். கூலி வேலை செய்பவன், இருபத்திரண்டு வயது. பிந்திப்போன குறுவை அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியதில், மழைக்கு முந்தி வயலில் அடிதடி நடந்து, முந்தின நாள் அவன் அப்பா செத்துப்போயிருந்தார்.

"அண்ணே, ஏழு மணிக்குள்ள அப்பாவை எடுக்கணும்னு போலீஸ் நிக்குது. கொள்ளி வைக்கத் தலைமுடி எறக்கணும். எங்க தெருவுக்குச் செரைக்கிற பெரியப்பாவையும் நேத்து வேன்ல ஏத்திட்டாங்க."

எங்கள் ஆட்கள் சேரிக்காரர்களுக்கு மழிப்பதில்லை. அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. அண்ணன் எழுந்து துண்டை உதறினார். வெள்ளைப் பிடிக் கத்தியை எடுத்தார்.

"அண்ணே, அது பண்ணைக் கத்தி. வேற எடுங்க."

"வேற எது முடிஞ்சிருக்கு?"

"அரை மணி குடுங்க, ஒண்ணை முடிச்சுத் தர்றேன்."

"என்னைக் கேக்காத. போலீசைக் கேளு."

"அப்ப பாதி தீட்டினதே போதும்ணே. மொட்டைதானே."

"அப்பனைப் பறிகுடுத்துட்டு வந்து நிக்கிறான். அவன் தலையில ரம்பத்தை வச்சு இழுக்கச் சொல்றியா? குடையை எடுத்துக்கிட்டு வாடா."

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் வாய்க்கால் கரை. நான் குடை பிடித்தேன். காளியன் குந்தினான். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

"அழுவணும்னா அழு தம்பி. தலையை மட்டும் ஆட்டாத" என்றார் அண்ணன்.

ஒரு கீறல் விழவில்லை. முடிந்ததும் காளியன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கத்தி பட்ட மாதிரியே தெரியலியேண்ணே" என்றான். அதைச் சொல்லிவிட்டுத்தான் சத்தமாக அழுதான்.

அப்போது மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்தார். காளியனைப் பார்த்தார். அண்ணன் கையில் இருந்த வெள்ளைப் பிடியைப் பார்த்தார். இறங்கவில்லை.

"கடையில பேப்பர் வாங்கிப் போடுறீங்களே கோவிந்து, அதுல போட்டிருந்துச்சா பண்ணைக் கத்தியை எடுன்னு?"

"போட்டிருந்தா நேத்தே எடுத்திருப்பேனே" என்றார் அண்ணன்.

3. மனை

மறுநாள் மிராசுதாருக்கு மழிக்கும் முறை. அதற்குள் அந்தக் கத்தியை நாட்டுக் கல்லிலிருந்து மறுபடி எடுத்து, எல்லா எண்ணிக்கையையும் இரட்டிப்பாகப் போட்டேன். முன்கை முடி தொட்டதும் விழுந்தது. அண்ணனோடு நானும் போனேன்.

மிராசுதார் சாய்வு நாற்காலியில் இருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எத்தனை வாட்டி தீட்டினீங்க?"

"முழுசா ரெண்டு வாட்டிங்க ஐயா" என்றேன்.

"கல்லுல தேச்சா கறை போகும். பட்டது போகுமா? அந்தக் கத்தியை நீங்களே வச்சுக்குங்க. மனையை விட்டுடுங்க."

அண்ணன் ஒன்றைத்தான் கேட்டார். "பொங்கல் வரைக்கும் இருந்துக்கறேனுங்க. மழைக்காலம், புள்ளைங்க இருக்கு."

"இரு."

1971 ஜனவரி, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் தன் கையாலேயே கூரையைப் பிரித்தார். அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் மாட்டு வண்டியில் ஏறினார்கள். அண்ணன் நாகப்பட்டினத்தில் வேறொருவர் சலூனில் கூலிக்கு நின்றார். ஜப்பான் கல்லை எடுத்துப்போகச் சொன்னேன். "அங்க மீன்காரங்க தாடிக்கு நாட்டுக் கல்லே போதும்டா" என்று விட்டுவிட்டுப் போனார்.

அந்த வருஷமே குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. கூலி விவசாயிகளும் ஊர்த் தொழிலாளிகளும் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம். காளியனுக்குப் பட்டா கிடைத்தது. அண்ணன் மனைக்கு அடுத்த மனையில் இருந்த சலவைக்காரருக்கும் கிடைத்தது. நான் மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"சட்டத்துல சொன்ன ஜூன் மாசத் தேதியில அங்க குடியிருந்தாரா?"

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வெரட்டிட்டாங்க சார்."

"அப்ப குடியிருக்கலை."

"வெரட்டினதாலதான் சார் குடியிருக்கலை."

"அதுக்கு இதுல எடம் இல்லீங்களே" என்றார். பேனாவை மூடினார்.

அஞ்சு தடவை எழுதினேன். அண்ணன் 1978இல் நாகப்பட்டினத்தில் வாடகை அறையில் இறந்தார். அதுவரை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கேட்பார், "மனு என்னாச்சு?" என்று. நான் "வரும்ணே" என்பேன்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வாடிக்கைக்காரர் எவ்வளவு பெரியவராகவும் இருக்கட்டும். வாரத்தில் முதலில் தீட்டி முடிக்கிற கத்தி யாருக்கும் உரியதாக இருக்கக்கூடாது. வாசலில் வந்து நிற்பவனுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

1984இல் மிராசுதாரின் மகன் நிலங்களை விற்றார். அந்த மூன்று சென்ட்டை அண்ணி பெயருக்கு வாங்கினேன். பத்திர ஆபீசில் அண்ணி, "சும்மா கெடைச்சிருக்க வேண்டியதுதானே தம்பி இது?" என்று மட்டும் கேட்டார். கிரயம் நாலாயிரத்து ஐந்நூறு. முத்திரைத்தாள், பதிவு, எழுத்துக்கூலி, பஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து இருநூற்று முப்பத்தாறு ரூபாய்.