பதினெட்டாம் அத்தியாயம்

பாவம் என்பது பதினேழாம் அத்தியாயத்துக்கும் பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கும் நடுவில் இருக்கிறது என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். மனிதன் சறுக்கிய இடத்தைப் புலவர்கள் எல்லாத் தேசத்திலும் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கனியோ, ஒரு பாம்போ, ஒரு சிரிப்போ, ஏதாவது ஒன்று வந்து குறுக்கே நிற்கும். எனக்குக் குறுக்கே நின்றது சோற்றுப் பசை.

அப்பா வக்கீல் குமாஸ்தா. மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்பது அப்பாவின் கொள்கை. பிற்பகல் முழுக்கச் சும்மா இருந்தால் அதைவிடச் சீக்கிரம் கெட்டுப்போவார்கள் என்பது அவருடைய இன்னொரு கொள்கை. இரண்டு கொள்கைகளையும் ஒரே வீட்டில் குடிவைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புதுமண்டபத்துப் புத்தகக் கடையில் மாதம் ஒரு நாவல் வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதலில் தாம் படிப்பார். கெடுக்கக்கூடிய இடம் வந்தால், அந்தத் தாள்களின் மூன்று ஓரத்திலும் சோற்றைக் குழைத்துத் தடவி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே அம்மிக்குழவியை ஏற்றிவைப்பார். பத்திரங்களுக்கு ஸ்டாம்பு ஒட்டிப் பழகிய கை. மறுநாள் எடுத்துப் பார்த்தால் எட்டுத் தாள் ஒரு பலகைபோல் இருக்கும். அத்தனையும் படித்த அப்பா மட்டும் கெடாமல் எப்படித் தப்பினார் என்று யாரும் கேட்டதில்லை.

ஒட்டிய நாவல் அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் விடப்படும். பிற்பகலில் சித்தி வாசிப்பாள். எழுத்துத் தெரியாத அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். சித்தி அம்மாவின் தங்கை. அப்போது இருபத்திரண்டு வயது இருக்கலாம். அவளுடைய கணவர் ஒரு நாள் விடியற்காலையில் முதல் ரயிலுக்குக் கிளம்பி ரங்கூன் போனவர். முதல் வருஷம் கடிதம் வந்தது. இரண்டாம் வருஷம் கடிதம் சுருங்கிக் கார்டு ஆயிற்று. மூன்றாம் வருஷம் அதுவும் இல்லை. சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரங்கூன் என்ற ஊர் பூமியில் இருப்பதை எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஒட்டிய இடம் வந்தால் சித்தி குரலை மாற்றாமல் "இங்க ஒட்டியிருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவாள். இடையில் என்ன நடந்திருக்கும் என்பதை அம்மா இட்டு நிரப்புவாள். அம்மாவின் கற்பனையில் எல்லாக் கதாநாயகிகளும் காய்ச்சலில் விழுந்தார்கள்.

அந்த மாத நாவலில் காய்ச்சல் எடுபடவில்லை. பதினேழாம் அத்தியாயத்தின் கடைசி வரியில், வாசற்படி தாண்டாத ஒரு பெண் அந்தி நேரத்தில் கதவின் தாழ்ப்பாளை நீக்குகிறாள். தெருவில் ஒரு குதிரை வண்டி நிற்கிறது. பத்தொன்பதாம் அத்தியாயத்தின் முதல் வரியில் அவள் ஒரு குளத்தங்கரையில் தலைவிரி கோலமாக உட்கார்ந்து, எந்தப் பக்கம் ஆழம் என்று யோசிக்கிறாள். நகையைத் தொலைத்திருப்பாள் என்றாள் அம்மா. சித்தி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இருக்கும்க்கா என்றாள்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. தாழ்ப்பாளுக்கும் குளத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பலகையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எட்டுத் தாளின் எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கட்டெறும்புக் கூட்டம்போல் தெரிந்தன. மூன்று நாள் மனத்தை அடக்கினேன். முனிவர்கள் பலர் அவ்வளவுகூடத் தாங்கவில்லை என்று பிற்பாடு படித்து ஆறுதல் அடைந்திருக்கிறேன்.

நான்காம் நாள் அம்மா கொல்லையில் இருந்தாள். சித்தி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் புத்தகத்தைக் காட்டினேன். பசை நான் நினைத்ததைவிட எளிதாக விட்டது. பாவம் செய்வது சுலபம் என்று பெரியவர்கள் சொன்னது சரிதான் என்று எண்ணிக்கொண்டேன். கடைசித் தாளில் மட்டும் அவசரப்பட்டு ஒரு மூலையைக் கிழித்துவிட்டேன்.

உள்ளே ஒரு மருக்கொழுந்து இருந்தது. காய்ந்து தட்டையாகி, பழுப்பேறி, இன்னும் கொஞ்சம் மணத்தோடு இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புத்தகத்துக்குள் மயிலிறகு குட்டி போடும் என்பதை நான் அறிவேன். அதுபோல இதுவும் ஏதோ ஒன்றின் குட்டி. எடுத்து என் சரித்திரப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, பாவத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

அந்த ஆளும் பெண்ணும் ஒரு சத்திரத்தில் அறை எடுக்கிறார்கள். அவன் ஒன்றரைப் பக்கம் நிலவைப் பற்றிப் பேசுகிறான். பிறகு விளக்கை அணைக்கிறான். அதற்குக் கீழே ஒரு வரிசை நட்சத்திரம். எண்ணினேன், பதினொன்று. நட்சத்திரத்துக்குக் கீழே பொழுது விடிந்துவிடுகிறது. பாயின் மறுபக்கம் காலி. அவன் முதல் ரயிலுக்குப் போய்விட்டான். அவள் அழுகிறாள். அத்தியாயம் முற்றிற்று.

இரண்டு முறை படித்தேன். அந்த ஆள் செய்தது ஒன்றே ஒன்றுதான். விளக்கை அணைத்தான். எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊதி அணைத்தால் குடி விளங்காது என்பார்கள். பூவின் காம்பால் திரியை உள்ளே இழுத்து அமர்த்த வேண்டும். அந்தப் பாவி ஊதியிருக்கிறான். அதனால்தான் அவள் குளத்தங்கரைக்கு வந்துவிட்டாள். இவ்வளவு பயங்கரமான விஷயத்தை அப்பா ஒட்டிவைத்ததில் நியாயம் இருக்கிறது என்று பட்டது.

சோற்றுப் பருக்கையைத் தடவித் தாள்களைத் திரும்ப ஒட்டினேன். குழவி ஏற்றத் தோன்றவில்லை. நாவலை வக்கீல் வீட்டு அம்மாளுக்கு இரவல் கொடுப்பதற்காக ஞாயிறன்று அப்பா கையில் எடுத்தார். பருக்கைகள் அம்மை கண்டதுபோல் தடித்து நின்றன. ஓரத்தைத் தடவினார். கிழிந்த மூலையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் சாட்சி உஷாராகிவிடுவான் என்பது கோர்ட்டில் கற்ற பாடம்.

"வெள்ளிக்கிழமை அழகர்மலைக்குப் போறோம்ல. கருப்பன் வாசல்ல வச்சுக் கேட்டுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

அழகர்மலைக்கு அம்மா ஒரு நேர்த்திக்கடனுக்காகப் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. என்ன நேர்த்தி என்று வெளியே சொல்லவில்லை. ரங்கூன் சம்பந்தமாக இருக்கலாம். அங்கே பதினெட்டாம்படிக் கருப்பன் இருக்கிறார். அவருக்கு உருவம் கிடையாது. மூடிய பெரிய கதவுகள்தான் சாமி. கதவு முழுக்கச் சந்தனம் பூசியிருக்கும். அந்த வாசலில் கற்பூரம் ஏற்றி, பொய்ச் சத்தியம் செய்து அதை அணைத்தவனுக்குக் கண் போய்விடும். கோர்ட்டில் நாள் முழுவதும் கூசாமல் பொய் சொல்லும் கட்சிக்காரர்கள், கருப்பன் வாசலுக்கு வருகிறாயா என்று கேட்டால் அன்று மாலையே ராஜிக்கு வந்துவிடுவார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதினெட்டாம் அத்தியாயம், பதினெட்டாம்படி. இரண்டும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டது போலிருந்தது.

ஐந்து நாள் இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் எதிர்ச்சாரி எண்ணெய்க் கடைப் பலகையைப் படித்துப் பார்ப்பேன். எழுத்து தெரிந்தால் அன்றைய பொழுது என்னுடையது. எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் பழகினேன். ஆட்டுக்கல்லில் முட்டி முழங்கால் வீங்கியது. ஒரு காலையில் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று அப்பாவின் முன்னால் போய் நின்றேன். அவர் க்ஷவரம் செய்துகொண்டிருந்தார். என்ன என்றார். கத்தி கன்னத்தில் நின்றது. ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் மாட்டு வண்டி கட்டினோம். வண்டிக்காரர் பேச்சுக்கு ஆள் தேடுகிறவர். பதினெட்டாம்படி என்று அப்பா சொன்னதும் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"எங்க ஊர்ல ஒரு ஆளு தம்பி. வரப்ப நாலு முழம் தள்ளி வெட்டிப்புட்டு, வெட்டலைன்னு கற்பூரத்த அணைச்சுப்புட்டான். படி எறங்கி வந்து வண்டியில ஏறுறான். ஏறிட்டு, 'என்னண்ணே, அதுக்குள்ள இருட்டிருச்சு'ன்னு என்னைய கேக்குறான். அப்ப உச்சிப்பொழுது தம்பி. அம்புட்டுத்தேன்."

மாட்டை ஓட்டினார். மலை கிட்டே வந்துகொண்டிருந்தது. நான் அதை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டேன். வயல், பனை, ஒரு வெள்ளாடு, சித்தியின் பச்சைப் புடவை, எல்லாவற்றையும் கடைசியாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

கருப்பன் வாசலில் மணிகள் தொங்கின. என்னைவிட உயரமான அரிவாள்கள் நட்டிருந்தன. கதவில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்புகள் வழியாக உள்ளேயிருந்து யாரோ பார்ப்பதாகத் தோன்றியது. அப்பா கல்லின் மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். பிறகு பொதுவாகக் கேட்டார்.

"பிரிச்சது யாரு?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா ஒட்டியிருந்தால்கூட அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருக்காது. நானில்லை என்று சொன்னால் கண் போகும். நான்தான் என்று சொன்னால் முதுகுத் தோல் போகும். எது போகலாம் என்று தேர்ந்தெடுக்க முடியாமல் நின்றேன். கற்பூரம் சின்னதாகிக்கொண்டு வந்தது.

சித்தி முன்னால் வந்தாள். "நான்தான் அத்தான் பிரிச்சேன்" என்றாள். குனிந்து உள்ளங்கையால் கற்பூரத்தை அழுத்தி அணைத்தாள். கரும்புகை ஒரு இழை மேலே போயிற்று.

அம்மா, ஏண்டி இப்படி என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். அப்பா என்னைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடிப் போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன பயன்? என் கண் எனக்கே. படியிறங்கும்போதுதான் மற்றது உறைத்தது. எனக்காகச் சித்தி பொய்ச் சத்தியம் செய்துவிட்டாள். அவள் வண்டியில் ஏறும்போது இருட்டிவிட்டது என்று சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெயில் கடுமையாக இருக்கிறது என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

வழியெல்லாம் சோதித்தேன். சித்தி, அந்த மாடு என்ன நிறம்? சித்தி, பனையில் எத்தனை காய்? மூன்று தடவை பதில் சொன்னாள். நான்காம் தடவை என் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுடா. நான் என்ன பொய்யா சொன்னேன்?"

என் பயம் இரட்டிப்பாயிற்று. கருப்பன் எல்லையைத் தாண்டுவதற்குள் இவள் இரண்டாவது பொய்யையும் சொல்லிவிட்டாளே என்று, அவளுக்கும் சேர்த்து நான் மனத்துக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு அப்பா நாவல் வாங்கவில்லை. இருந்தவை அலமாரியில் பூட்டப்பட்டன. தல புராணச் சுருக்கம் ஒன்று வந்தது. சித்தி அதையும் அதே குரலில் வாசித்தாள். ஒட்டிய இடமே இல்லாத புத்தகம். அம்மா இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிப்போவாள். சில நாளில் சித்தி வாசிப்பதையே விட்டுவிட்டு, தானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு கல் பொறுக்க உட்கார்ந்தாள். அவள் கல்லைச் சரியாகப் பார்த்து எடுக்கிறாளா என்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரிசியைச் சோதிப்பேன்.

அப்படி ஒரு நாள் சோதித்துக்கொண்டிருந்தபோது, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"டேய், அந்த ஒட்டுன தாளுக்குள்ள ஒண்ணு இருந்துச்சே. அதை என்ன பண்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது அடுத்த விசாரணை, இதற்கும் ஒரு வெள்ளிக்கிழமை வரும் என்று நினைத்தேன். "ஒண்ணும் இல்லியே சித்தி" என்றேன். கருப்பன் வாசலில் சொல்லாமல் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த பொய்யை அடுப்படி வாசலில் சொல்லிவிட்டேன்.

சரி என்றாள். ஒரு கல்லை எடுத்துத் தள்ளிப் போட்டாள்.

பதின்மூன்றாவது வயதில் எனக்குக் கரும்பலகை மங்கிற்று. வெளிச்சம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து படித்ததால் என்று டாக்டர் சொன்னார். அவருக்குக் கருப்பனைத் தெரியாது. அன்று ஏறிய கண்ணாடி இன்னும் இறங்கவில்லை. தடிமன் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ரங்கூனிலிருந்து யாரும் வரவில்லை. சித்தி இன்றைக்கும் வெறுங்கண்ணால் ஊசி கோக்கிறாள்.

இதில் ஏதோ நீதி பிசகியிருக்கிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்பா மூன்று ஓரமும் ஒட்டி, குழவியேற்றிக் காயவைத்த தாள்களுக்குள் ஒரு மருக்கொழுந்து எப்படிப் போய் உட்கார்ந்தது, அது அங்கே இருந்தது சித்திக்கு எப்படித் தெரியும், அவ்வளவு கெட்டிப் பசை எனக்கு ஏன் அத்தனை எளிதாக விட்டது என்ற கேள்விகள் எனக்குத் தோன்றவே முப்பது வயது ஆயிற்று. நான் பிரிப்பதற்கு முன்பே ஒருத்தி அந்த அத்தியாயத்தைப் பிரித்து, முதல் ரயில் கிளம்பிப்போகும் இடத்தில் தன்னுடையதை வைத்து, என்னைவிட நேர்த்தியாக ஒட்டியிருக்கிறாள். கருப்பனிடம் அன்று உண்மை பேசியது அவள் ஒருத்திதான்.

பத்து வயதில் இதெல்லாம் எனக்கு எட்டவில்லை. அவள் சரி என்று சொன்ன அன்று மாலையும், மொகலாயருக்கும் மராட்டியருக்கும் நடுவில் வைத்திருந்த அந்தக் கொழுந்தை எடுத்துப் பார்த்தேன். இன்னும் குட்டி போடவில்லை. பசியாக இருக்கும் என்று நினைத்து, கொஞ்சம் பென்சில் சீவல் போட்டு மூடிவைத்தேன்.